லண்டனில் பிறந்த யூதர் ரோம் நகர மேயரானது எப்படி? போப்பையே கோபப்பட வைத்த எர்னஸ்டோ நாதனின் கதை

நாதன். பெயரைக் கேட்டதும் நம்ம தெருக்காரர் யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். இவர் இத்தாலியின் தலைநகரமான ரோமின் மேயராக இருந்தவர். ஆனால் ரோமில் பிறந்தவர் இல்லை, இத்தாலியிலேயே பிறந்தவர் இல்லை. கத்தோலிக்கர் இல்லை, பிரபு குடும்பமும் இல்லை. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததே 40 வயதைத் தாண்டிய பிறகுதான். பேசுகிற இத்தாலிய மொழியில் கடைசி வரைக்கும் ஆங்கில வாடை போகவில்லை.

போப் வசிக்கும் ஊரில் இப்படி ஒருவர் எப்படி மேயர் ஆனார்? ஆகி என்ன செய்தார்? 6 வருஷம் மட்டுமே பதவியில் இருந்த ஒருவரை, 100 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊர் ஏன் இன்னும் பேசுகிறது? இது புரிய வேண்டுமென்றால், ரோம் மேயர் என்ற நாற்காலியின் கதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரோமுக்கு மேயர் எப்போது வந்தார்?

1870 வரை ரோம் நகரம் போப்பின் ஆட்சியில் இருந்தது. அவர் மதத் தலைவர் மட்டுமல்ல, அரசரும் அவர்தான். இத்தாலியின் பெரும்பாலான பகுதிகள் 1861-இல் ஒரே நாடாகச் சேர்ந்தபோதும் ரோம் தனியாகத்தான் நின்றது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை, போர்ட்டா பியா என்ற வாசலுக்கு அருகே நகரத்தின் மதில் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. மறு ஆண்டே ரோம் தலைநகரம் ஆனது. அன்றைய போப் ஒன்பதாம் பியஸ் வாடிகனுக்குள் போய், தன்னைக் கைதி என்று அறிவித்துக்கொண்டார். இந்தச் சண்டை தீர 1929 வரை ஆனது.

போப்பின் ஆட்சி போனதும் கேம்பிடோலியோ குன்றின் மேல் இருக்கும் பழைய மாளிகையில் இத்தாலியச் சட்டப்படியான நகராட்சி வந்து உட்கார்ந்தது. அதன் தலைவருக்கு இத்தாலிய மொழியில் சிந்தாக்கோ என்று பெயர். நாம் மேயர் என்கிறோமே, அவர்தான்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து இத்தாலியில் மேயரை மக்களும் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்களும் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்களில் ஒருவரை மன்னர் நியமிப்பார். அதாவது, ரோம அரசாங்கம் கை காட்டும் ஆள்தான் மேயர். பிடிக்கவில்லை என்றால் தூக்கியும் விடலாம்.

தூக்கியும் இருக்கிறார்கள். 1887 கடைசியில் லியோபோல்டோ டோர்லோனியா என்ற பிரபு ரோம் மேயராக இருந்தார். போப் பதின்மூன்றாம் லியோ குருவானதன் 50-ஆவது ஆண்டு விழா வந்தது. மேயர், ஊர் மக்கள் சார்பில் ஒரு கர்தினாலைச் சந்தித்து வாழ்த்துச் சொன்னார். அவ்வளவுதான்! பிரதமர் பிரான்செஸ்கோ கிறிஸ்பி அவரை உடனே பதவியிலிருந்து நீக்கினார். ஒரு வாழ்த்துக்கு மேயர் பதவியே போய்விட்டது. வாடிகனுக்கும் இத்தாலிய அரசுக்கும் நடுவில் அந்த நாற்காலி எப்படி மாட்டிக்கொண்டு தவித்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

1889-இல் சட்டம் மாறியது. பெரிய ஊர்களில் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. இந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் நாதன் போன்ற ஒருவர் உள்ளே வந்திருக்கவே முடியாது.

யார் இந்த நாதன்?

எர்னஸ்டோ நாதன் 1845 அக்டோபர் 5 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா மேயர் மோசஸ் நாதன், ஜெர்மனியிலிருந்து வந்து லண்டனில் பங்கு வர்த்தகம் செய்தவர். (அப்பா பெயரிலேயே மேயர் இருப்பது வெறும் தற்செயல். அது ஒரு ஜெர்மன் யூதப் பெயர்.) அம்மா சாரா, இத்தாலியின் பெசாரோ ஊரைச் சேர்ந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள். எர்னஸ்டோவுக்கு 14 வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார்.

இந்த வீட்டின் திசையை மாற்றியவர் ஒரு விருந்தாளி: ஜுசெப்பே மாஜினி. இத்தாலி ஒரே நாடாக வேண்டும், அதுவும் மன்னர் இல்லாத குடியரசாக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடிய புரட்சிக்காரர். நாடு கடத்தப்பட்டு லண்டனில் இருந்தவர். அவருக்கும் அவர் இயக்கத்துக்கும் பெரிய துணையாக நின்றவர் சாரா நாதன். பிறகு சாரா சுவிட்சர்லாந்தின் லுகானோவில் குடியேறியபோது, அந்த வீடும் மாஜினிக்குப் புகலிடம் ஆனது.

மாஜினி என்ற பெயரை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? கேட்டிருப்பீர்கள். நம் சுதந்திரப் போராட்டக்காரர்கள் பலருக்கு அவர் ஆதர்சம். மாஜினி தன் இயக்கத்தில் சேருபவர்களுக்கு வகுத்த சபதத்தை வைத்து பாரதியார் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். காந்தியும் தன் இந்திய சுயராஜ்யம் நூலில் மாஜினியைப் பற்றிப் பேசுகிறார்.

1872 மார்ச்சில் மாஜினி இறந்தது பீசா நகரில். டாக்டர் பிரவுன் என்ற பொய்ப் பெயரில் அவர் ஒளிந்திருந்த அந்த வீடு வேறு யாருடையதும் இல்லை, எர்னஸ்டோவின் அக்கா தங்கைகளில் ஒருவருடைய வீடு. இளம் வயதில் எர்னஸ்டோ ரோமுக்கு வந்ததும், மாஜினியின் பத்திரிகையை நிர்வகிக்கத்தான். மாஜினியின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடும் வேலையிலும் பின்னால் நிறைய உழைத்தார்.

1888-இல்தான் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. அம்மாவின் ஊரான பெசாரோவில் மாகாண கவுன்சிலர் ஆனார். பிறகு ரோம் நகராட்சியில் கவுன்சிலர். இடையில் 1896 முதல் 1904 வரை இத்தாலிய ஃப்ரீமேசன் அமைப்பின் தலைவராகவும் இருந்தார். திருச்சபைக்கும் ஃப்ரீமேசன்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஆக, வாடிகனின் கண்ணில் உறுத்துவதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் அவரிடம் இருந்தது.

அப்படியானால் எப்படி ஜெயித்தார்?

ரோமின் அன்றைய நிலைமையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1871-இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த ஊர், நாதன் காலத்தில் 5 லட்சத்தைத் தாண்டியது. தலைநகரம் ஆனதும் அமைச்சகங்கள் வந்தன, ஊழியர்கள் வந்தார்கள், கட்டட வேலைக்குக் கூலித் தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். ஊரைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் பிரபுக்கள், நில வியாபாரிகள், வங்கிகள் கையில். திராட்சைத் தோட்டங்களும் பூங்காக்களும் மனைகளாக விலை போயின. 1880-களின் இறுதியில் அந்த ரியல் எஸ்டேட் வியாபாரம் மொத்தமாகச் சரிந்தது. பாதி கட்டி நின்ற வீடுகள், வேலை இல்லாத மக்கள், ஒரே அறையில் அடைந்து கிடந்த குடும்பங்கள். இதுதான் மிச்சம்.

இந்த நிலையில் மேயர்களாக வந்தவர்கள் யார் என்று பார்த்தால், பல்லாவிச்சினி, ருஸ்போலி, டோர்லோனியா, கொலோன்னா என்று பெரும்பாலும் பிரபு குடும்பத்துப் பெயர்கள். நிலம் வைத்திருப்பவர்களே நகராட்சியையும் நடத்தினால், நில விலையை யார் கட்டுப்படுத்துவது? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

1907-இல் லிபரல்கள், தீவிர ஜனநாயகவாதிகள், குடியரசுவாதிகள், சோஷலிஸ்டுகள் எல்லாரும் மக்கள் அணி என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்தார்கள். தேர்தலில் வென்றார்கள். நவம்பர் மாதம் கவுன்சிலர்கள் நாதனை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1555-இல் போப் நான்காம் பால் ரோம் யூதர்களை ஆற்றங்கரையில் ஒரு சேரிக்குள் அடைத்தார். கெட்டோ என்ற அந்த ஏற்பாடும், யூதர்கள் மேல் இருந்த தடைகளும், நடுவே சில இடைவெளிகளைத் தவிர, 1870 வரை தொடர்ந்தன. அதற்கு 37 வருஷம் கழித்து அதே ஊரின் மேயர் நாற்காலியில் ஒரு யூதர்! மதச் சடங்குகளில் நாதனுக்கு ஈடுபாடு கிடையாது என்றாலும், அவரை ஊர் அப்படித்தான் பார்த்தது.

மேயரானதும் என்ன செய்தார்?

முதல் வேலை, நிலம். காலி மனைகளை விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருப்பவர்கள் மேல் வரி விதிக்க அப்போது சட்டம் இடம் கொடுத்தது. அதை உண்மையிலேயே வசூலிக்க முயன்றார் நாதன். அடுத்து, எங்கே என்ன கட்டலாம் என்பதற்கு ஒரு திட்டம். எட்மோண்டோ சாஞ்சுஸ்ட் என்ற அரசுப் பொறியாளரிடம் அந்தப் பொறுப்பு போனது. 1909-இல் அது நடைமுறைக்கு வந்தது. அடுக்கு மாடிக் கட்டடம், சிறிய தனி வீடு, தோட்டம் சூழ்ந்த வீடு என்று மூன்று வகையாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எது வரலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்று அந்தத் திட்டம் வரையறுத்தது. நில முதலாளிகளுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது வேலை, டிராமும் மின்சாரமும். அதுவரை இரண்டும் தனியார் நிறுவனங்கள் கையில். கட்டணம் அவர்கள் வைத்ததுதான். பணக்காரத் தெருக்களுக்கு வண்டி போகும், தொழிலாளர் குடியிருப்புக்குப் போகாது. நகராட்சியே டிராம் ஓட்டலாம், நகராட்சியே மின்சாரம் தயாரிக்கலாம் என்றார் நாதன். தானே முடிவு எடுத்துவிடாமல் ஊர் வாக்காளர்களிடமே கேட்டார். 1909 செப்டம்பர் 20 அன்று அதற்காக வாக்கெடுப்பு நடந்தது. ரோம் வீழ்ந்த அதே தேதியை அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனித்தீர்களா? மிகப் பெரும்பான்மையோர் சரி என்றார்கள்.

இதற்கு மூளையாக இருந்தவர் ஜியோவான்னி மோன்டெமார்ட்டினி என்ற பொருளாதார அறிஞர், நாதனின் நிர்வாகக் குழுவில் ஒருவர். நகராட்சியே தொழில் நடத்தினால் எப்போது லாபம், எப்போது நஷ்டம் என்று ஆராய்ந்து புத்தகம் எழுதியவர். 1912-இல் ஒஸ்டியென்ஸே சாலையில் நகராட்சியின் மின் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மோன்டெமார்ட்டினி இறந்ததும் அந்த நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று ரோமில் மின்சாரமும் தண்ணீரும் தரும் அச்சேயா நிறுவனமும், பஸ்ஸும் மெட்ரோவும் ஓட்டும் அட்டாக் நிறுவனமும் நாதன் தொடங்கி வைத்த அந்த இரண்டு அமைப்புகளின் வாரிசுகள்தான்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். மதம் சாராத நகராட்சிப் பள்ளிகள், மழலையர் பள்ளிகள், பள்ளியில் சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை என்று செலவழித்தார். ரோமைச் சுற்றியிருந்த சமவெளியில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. குடிசைகளில் வாழ்ந்த அந்த விவசாயக் கூலிகளுக்கு எழுத்தறிவும், கொய்னா மாத்திரையும் கொண்டுபோன தன்னார்வலர்களுக்கு அவர் காலத்தில் ஆதரவு கிடைத்தது. இன்னொரு தகவல்: அவர் மேயரான அதே 1907-இன் தொடக்கத்தில்தான், ரோமின் சான் லொரென்ஸோ தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்திருந்தார். ஆமாம், பிற்காலத்தில் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அதே மாண்டிசோரி.

பூனைக்குக் குடல் கிடையாது!

ரோமில் யாரிடமாவது பணம் கேட்டு, இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டுமென்றால், பூனைக்குக் குடல் கறி இல்லை என்ற பொருளில் ஒரு வழக்கு உண்டு. இது நாதனிடமிருந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பட்ஜெட் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்த மேயர், பூனைகளுக்கு மாட்டுக் குடல் வாங்கிய செலவைப் பார்த்தாராம். என்ன இது என்று கேட்டால், நகராட்சி ஆவணங்களை எலி கடிக்காமல் இருக்கப் பூனை வளர்க்கிறோம், அதன் சாப்பாட்டுச் செலவு என்றார்களாம். எலியைப் பிடித்துத் தின்னட்டும் என்று சொல்லி அந்த வரியையே அடித்துவிட்டாராம். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, ஊர் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை இது சொல்லிவிடுகிறது. கணக்கில் கறார்.

போப்போடு என்ன தகராறு?

1910 செப்டம்பர் 20. ரோம் இத்தாலியோடு சேர்ந்து 40 ஆண்டு நிறைவு. போர்ட்டா பியாவில் மேயர் பேசினார். பழைய ரோமையும் புதிய ரோமையும் ஒப்பிட்டார். போப் தவறே செய்ய முடியாதவர் என்ற கோட்பாட்டை வெளிப்படையாக விமர்சித்தார். சிந்தனையை வேலி போட்டு அடைக்கிறது திருச்சபை, ஆனால் உலகமோ முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் பேச்சின் சாரம்.

போப் பத்தாம் பியஸ் கொதித்துப் போனார். தன் கர்தினாலுக்குப் பகிரங்கமாகவே ஒரு கடிதம் எழுதிக் கண்டனம் தெரிவித்தார். விவகாரம் இத்தாலியோடு நிற்கவில்லை. பல நாடுகளில் கத்தோலிக்கர்கள் கண்டனக் கூட்டம் போட்டார்கள். சில வருஷம் கழித்து, 1915 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்கு இத்தாலியின் பிரதிநிதியாக நாதன் நியமிக்கப்பட்டபோதும், அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பழையதை மறக்காமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இதில் நாதன் பக்கமே முழு நியாயம் என்று சொல்லிவிட முடியுமா? ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் எல்லாருக்கும் மேயராக இருப்பவர், அரசு விழாவில் அவர்களுடைய நம்பிக்கையை விமர்சிக்கலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழும். வாழ்த்துச் சொன்னதற்கு ஒரு மேயர் பதவி இழந்த அதே நாற்காலியில், விமர்சனம் செய்த மேயர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். இடையில் நடந்த மாற்றம் அது: இப்போது அவரை நீக்க வேண்டுமென்றால் அமைச்சர் அல்ல, வாக்காளர்தான் மனசு வைக்க வேண்டும்.

பிறகு என்ன ஆனது?

வாக்காளர்களும் மனசு மாறினார்கள். மக்கள் அணி எல்லாக் கூட்டணிகளையும் போல உள்ளுக்குள் விரிசல் விட்டது. லிபியா மேல் 1911-இல் இத்தாலி தொடுத்த போர் சோஷலிஸ்டுகளையும் மற்றவர்களையும் பிரித்தது. 1913 நாடாளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்க வாக்குகளும் பழைய லிபரல்களும் கைகோத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நாதனின் நிர்வாகம் முடிவுக்கு வந்தது. 1914-இல் மேயராக வந்தவர் யார் தெரியுமா? பிரபு குடும்பத்து ப்ராஸ்பெரோ கொலோன்னா. சக்கரம் ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது.

நாதன் ஓய்ந்து உட்காரவில்லை. 1915-இல் இத்தாலி உலகப் போரில் இறங்கியதும், 70 வயதை நெருங்கிய அந்த மனிதர் தானாக முன்வந்து லெப்டினன்டாகப் போர்முனைக்குப் போனார். 1917 முதல் 1919 வரை மறுபடியும் ஃப்ரீமேசன் தலைவர். 1921 ஏப்ரல் 9 அன்று ரோமில் காலமானார்.

அவர் உட்கார்ந்த நாற்காலி அவருக்குப் பின் 5 வருஷம்கூட நிலைக்கவில்லை. முசோலினி ஆட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் என்ற பதவியையே ஒழித்தது. 1926 முதல் ரோமுக்கு அரசு நியமிக்கும் கவர்னர்தான். மற்ற ஊர்களுக்கு பொதெஸ்தா என்ற நியமன அதிகாரி. கவுன்சில் கிடையாது, தேர்தல் கிடையாது.

அதோடு போகவில்லை. நாதனின் சகோதரி வழிப் பேரன்களான கார்லோ, நெல்லோ ரோசெல்லி இருவரும் பாசிசத்தை எதிர்த்தவர்கள். 1937-இல் பிரான்சில் வைத்துக் கொலை செய்யப்பட்டார்கள். 1938-இல் இனச் சட்டங்கள் வந்தன. யூதர்கள் பள்ளிகளிலிருந்தும் அரசு வேலைகளிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். 1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மன் படை பழைய கெட்டோ பகுதியைச் சுற்றி வளைத்தது. அன்று பிடிபட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். ஒரு யூதரை மேயராக்கிய ஊரில், 36 வருஷத்தில் நடந்தது இது. உரிமைகள் ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

இன்று ரோம் மேயர் எப்படி வருகிறார்?

1944-இல் நேசப் படைகள் ரோமுக்குள் வந்ததும், பாசிசத்தை எதிர்த்து நின்ற இளவரசர் பிலிப்போ டோரியா பாம்பிலியை மேயராக நியமித்தன. பிறகு தேர்தல்கள் திரும்பின. கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் திரும்பியது. சுமார் 30 ஆண்டுகள் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கையிலேயே இருந்த பதவி, 1976-இல் கலை வரலாற்று அறிஞர் ஜூலியோ கார்லோ ஆர்கானிடம் போனது.

1993-இல் பெரிய மாற்றம். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது. ரோம் போன்ற பெரிய ஊர்களில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேருக்கு நடுவில் மறு சுற்று நடக்கும். அப்படி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ரோம் மேயர் பிரான்செஸ்கோ ருத்தெல்லி. 2016-இல் விர்ஜினியா ராஜ்ஜி, ரோமின் முதல் பெண் மேயர் ஆனார்.

மன்னர் நியமனம், கவுன்சிலர் வாக்கு, சர்வாதிகாரியின் ஆள், மறுபடி கவுன்சிலர் வாக்கு, கடைசியில் மக்கள் வாக்கு. ஒரே நாற்காலி, இத்தனை வழிகள். ஆனால் அதில் உட்கார்ந்தவர் யாருக்காக வேலை செய்தார் என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

நீங்கள் எப்போதாவது ரோமுக்குப் போனால், கொலோசியத்தைப் பார்த்த கையோடு ஒஸ்டியென்ஸே சாலைக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். நாதன் காலத்து மின் நிலையம் 1960-களில் நின்றுபோனது. இப்போது அது ஒரு அருங்காட்சியகம். கறுத்த ராட்சத எந்திரங்களுக்கு முன்னால் வெள்ளைப் பளிங்கில் பழைய ரோமானியச் சிலைகள் நிற்கும். சிலைகளைப் பார்த்து முடித்ததும் அந்த எந்திரங்களையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். லண்டனிலிருந்து வந்த நாதன் அந்த ஊருக்கு விட்டுப்போனது அது.